பழைய கேமியோவில் இருக்கும் உருவம் எங்கிருந்து வந்தது?

பழுப்புப் பின்னணியில் வெள்ளையாகப் புடைத்து நிற்கும் ஒரு பெண் உருவம், சுற்றிலும் தங்கச் சட்டம். பழைய கேமியோ ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இது யார்?" தலையில் பிறை இருந்தால் ரோமானிய நிலவுத் தேவி டயானா, கூந்தலில் திராட்சைக் கொத்து இருந்தால் மதுக் கடவுள் பாக்கஸின் தோழி என்று சீக்கிரமே ஒரு பெயர் கிடைத்துவிடும். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இந்த உருவத்தை இப்படித் தலைசாய்த்து, இப்படிக் கையை மடக்கி முதன்முதலில் அமைத்த கலைஞர் யார், கேமியோ செதுக்கியவர் அதை எங்கே பார்த்தார் என்பது வேறு கேள்வி. அதைத் தேடும் முறையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் பொருளைப் பற்றி நாலு வரி. பின்னணியை வெட்டி இறக்கிவிட்டு உருவத்தை மட்டும் மேடாக விட்டுச் செதுக்கினால் அது கேமியோ. உருவத்தையே உள்ளே குழிவாக வெட்டினால் இன்டாலியோ. முத்திரை மோதிரங்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான். கேமியோவுக்கு நிறம் அடுக்கடுக்காக இருக்கும் பொருள் வேண்டும். பண்டைய கிரேக்க, ரோமானியக் கைவினைஞர்கள் சர்டோனிக்ஸ், ஓனிக்ஸ் போன்ற கற்களைப் பயன்படுத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்கு வந்த பயணிகளுக்காக ஏராளமாகச் செதுக்கப்பட்டவை காஸிஸ் வகைப் பெருஞ்சங்கின் ஓட்டில் செய்தவை. நேப்பிள்ஸ் அருகே இருக்கும் தோரே டெல் கிரேக்கோ என்ற ஊர் அந்தத் தொழிலுக்கு இன்றும் பேர்போனது. இன்று சாதாரணமாகக் கண்ணில் படும் பழைய கேமியோக்கள் பெரும்பாலும் இந்தச் சங்கு வகைதான்.

அவற்றைச் செதுக்கியவர்களில் மிகப் பலர், உருவத்தைத் தாங்களே கற்பனை செய்தவர்கள் இல்லை. புகழ்பெற்ற ஒரு சிற்பத்தையோ ஓவியத்தையோ பழைய ரத்தினக் கல்லையோ பார்த்துச் செய்தார்கள். அதில் ஒளிவுமறைவும் கிடையாது. ரோமில் பார்த்து மயங்கிய சிற்பத்தைக் கையோடு ஊருக்கு எடுத்துப் போகத்தானே பயணிகள் காசு கொடுத்தார்கள்!

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது

மூன்று அழகுத் தேவியரை எடுத்துக்கொள்வோம். கேமியோக்களில் அடிக்கடி வரும் காட்சி இது. ஒருவரையொருவர் தழுவியபடி மூன்று பெண்கள் நின்றால், "மூன்று தேவியர்" என்று எழுதி வைத்துவிடலாம். அது தப்பில்லை. ஆனால் எந்த மூவர்?

நடுவில் நிற்பவள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டும், இரண்டு பக்கமும் நிற்பவர்கள் நம் பக்கம் திரும்பியும் இருந்தால் அது பண்டைய அமைப்பு. ரோமானியச் சிற்பங்களிலும் சுவரோவியங்களிலும் இருந்தது. பிற்பாடு இத்தாலிய ஓவியர் ராஃபேலும் அதையே பின்பற்றி வரைந்தார். மூவரும் தலைகளை ஒன்றாகச் சாய்த்து, ரகசியம் பேசுவதுபோல் நெருங்கி நின்றால் அது இத்தாலியச் சிற்பி அன்டோனியோ கனோவாவின் அமைப்பு. 1810களில் அவர் செய்த பளிங்குச் சிலையிலிருந்து வருவது. காலடியில் ஒரு சிறுவன் உட்கார்ந்து யாழ் வாசிக்கிறானா? அப்படியென்றால் டென்மார்க் சிற்பி பெர்டெல் தோர்வால்ட்சன் பக்கம் பார்க்க வேண்டும். கருப்பொருள் ஒன்று, மூலம் மூன்று.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கையில் இருக்கும் பொருள், தலையணி, பக்கத்தில் இருக்கும் விலங்கு ஆகியவை உருவம் யார் என்று சொல்லும். உடல் நிற்கும் விதம், கைகால்களின் கோணம், ஒருவர் மேல் ஒருவர் சாயும் விதம், துணி பறக்கும் திசை ஆகியவை அந்த அமைப்பு யாருடையது என்று சொல்லும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வகை அடையாளங்களிலேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

அந்த முதல் வகையிலும் குழப்பம் வராமல் இல்லை. சிங்கத் தோல் போர்த்திய தலை என்றால் உடனே ஹெர்குலிஸ் என்று சொல்லத் தோன்றும். முகம் பெண்ணுடையது என்றால், அவனிடமிருந்து அந்தத் தோலை வாங்கி அணிந்துகொண்ட ராணி ஓம்ஃபலே. கழுகுக்குக் கிண்ணத்தில் பானம் கொடுப்பவள் ஹீபி. அதையே முன்புறம் வளைந்த தொப்பி அணிந்த இளைஞன் செய்தால் அவன் கனிமீட். செதுக்கல் தேய்ந்துபோன கேமியோவில் இவர்கள் இருவரையும் பிரித்தறிய அந்தத் தொப்பிதான் உதவும். பட்டாம்பூச்சி இறகு இருந்தால் சைக்கி. தலைக்கவசம் அதீனாவைக் காட்டும்; கோதுமைக் கதிர் சீரிஸைக் காட்டும். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும், மேலே போவோம்.

இரவும் பகலும்

மூலம் தேடக் கற்றுக்கொள்பவர் முதலில் மனத்தில் பதிய வைக்க வேண்டிய இணை ஒன்று உண்டு என்றால், அது தோர்வால்ட்சனின் "இரவு", "பகல்" என்ற இரண்டு வட்டப் புடைப்புச் சிற்பங்கள். 1815இல் ரோமில் இருந்தபோது செய்தவை. அடுத்த நூறு வருஷத்துக்குக் கேமியோ செதுக்கியவர்கள் இவற்றை விடவே இல்லை.

"இரவு" சிற்பத்தில் இறகுள்ள பெண் ஒருத்தி கண்மூடி, தலை கவிழ்ந்து, காற்றில் மெல்ல இறங்கி வருகிறாள். அவள் கைகளில் இரண்டு குழந்தைகள் தூங்குகின்றன. கூந்தலில் தூக்கத்தைக் குறிக்கும் கசகசாப் பூ. அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆந்தை. எல்லாரும் பக்கவாட்டிலோ கவிழ்ந்தோ இருக்க, அந்த ஆந்தை மட்டும் நம்மை நேராகப் பார்க்கும். சிறிய கேமியோவில் முகங்கள் மழுங்கிப் போயிருந்தாலும் இந்த ஆந்தை ஒன்றே போதும், அடையாளம் கண்டுகொள்ளலாம். "பகல்" சிற்பத்தில் அதே போன்ற ஒரு பெண் பூக்களைத் தூவிக்கொண்டு பறக்கிறாள். அவள் தோளோடு ஒட்டி ஒரு குழந்தை தீப்பந்தத்தை ஏந்தியிருக்கிறான்.

இவற்றை "தேவதையும் குழந்தையும்", "வீனஸும் கியூபிடும்" என்றெல்லாம் விற்பவர்கள் எழுதி வைப்பதுண்டு. "பகல்" தனியாகக் கிடைத்தால் விடியலின் தேவி அரோரா என்றும் சொல்லிவிடுவார்கள். பூத் தூவுவதால் வரும் குழப்பம்.

இந்த இரண்டு சிற்பங்களும் ஏன் இவ்வளவு பரவின என்று யோசித்தால், அவற்றின் வடிவமே ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. முழுச் சிலையைக் கேமியோவாக மாற்ற வேண்டுமானால் எந்தக் கோணத்தில் பார்ப்பது, ஆழத்தை எப்படிச் சுருக்குவது என்று செதுக்குபவர் முடிவு செய்தாக வேண்டும். தோர்வால்ட்சன் செய்ததோ ஏற்கெனவே தட்டையான புடைப்புச் சிற்பம். அதுவும் வட்டத்துக்குள் அடங்கியது. அளவைக் குறைத்தால் போதும். அதோடு சுவரில் மாட்ட பிளாஸ்டர் வார்ப்புகளும், பிற்பாடு மெருகிடாத வெள்ளைப் பீங்கான் தட்டுகளும் நிறையச் சந்தைக்கு வந்தன. கோபன்ஹேகனில் 1853இல் தொடங்கிய பிங் அண்ட் குரோண்டால் நிறுவனம் தோர்வால்ட்சன் சிற்பங்களைப் பீங்கானில் செய்துதான் தொழிலை ஆரம்பித்தது. ரோமுக்கே போகாதவர்கூட "இரவு" சிற்பத்தைக் கையில் வைத்துப் பார்த்துச் செதுக்க முடிந்தது.

ஓவியத்திலிருந்து வந்தவற்றில் இதே அளவு புகழ் இத்தாலிய ஓவியர் குயிதோ ரேனியின் "அரோரா"வுக்கு. 1614இல் ரோமில் ஒரு பிரபுவின் தோட்ட மாளிகைக் கூரையில் வரைந்த சுவரோவியம் அது. சூரியதேவன் அப்பல்லோ ரதத்தில் வருகிறான். சுற்றிலும் ஹோரே எனப்படும் காலத் தேவியர் கைகோத்து நடனமாடி வருகிறார்கள். முன்னால் அரோரா பறந்துகொண்டே பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். குதிரைகளுக்கு மேலே தீப்பந்தம் ஏந்திய ஒரு சிறுவன். நீளமான இந்தக் காட்சியை முட்டை வடிவத்துக்குள் அடக்க வேண்டும் என்றால் எதையாவது விட்டாக வேண்டும். பெரும்பாலும் பலியாகிறவர்கள் நடனமாடும் பெண்கள்தான். இருவர் மூவராகச் சுருங்கிவிடுவார்கள். ஆனால் ரதம், குதிரைகள், தீப்பந்தச் சிறுவன், முன்னால் பறப்பவள் என்ற வரிசை கலையாமல் இருக்கும். ஆள் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்று மூலத்தைத் தள்ளிவிடாதீர்கள். வரிசையையும் நிற்கும் விதத்தையும் பாருங்கள்.

இடையில் இருந்த இன்னொரு கை

இங்கேதான் விஷயம் கொஞ்சம் ஆழமாகப் போகிறது. கேமியோ செதுக்கியவர் ரேனியின் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டா செதுக்கியிருப்பார்? இல்லை. அவர் மேசைமேல் ஒரு அச்சுப்படம் இருந்திருக்கும். "அரோரா"வை ராஃபேல் மோர்கன் என்ற புகழ்பெற்ற செதுக்கோவியர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டார்; அந்தப் படம் எங்கும் பரவியது. பழங்கால ரத்தினக் கற்களின் உருவங்களோ பிளாஸ்டரிலும் கந்தகத்திலும் எடுத்த வார்ப்புகளாகச் சின்னச் சின்னப் பெட்டிகளில் அடுக்கி விற்கப்பட்டன. இந்த வியாபாரத்தின் உச்சம் லண்டனில் இருந்த ஜேம்ஸ் டாஸி. கண்ணாடிக் குழம்பில் அவர் எடுத்த வார்ப்புகளுக்கு ருடால்ஃப் எரிக் ராஸ்பே 1791இல் ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் இருப்பவை ஏறக்குறைய 15,800 உருப்படிகள்! ஜோசையா வெட்ஜ்வுட்டின் நீல நிற ஜாஸ்பர் பீங்கான் தகடுகளும் இதே வேலையைச் செய்தன. அவருக்காக உருவங்கள் அமைத்துக் கொடுத்த ஜான் ஃபிளாக்ஸ்மன், ஹோமர் காவியங்களுக்கு வரைந்த கோட்டோவியங்கள் 1793இல் ரோமில் அச்சாகி வந்தன. கோடு மட்டும் இருக்கும், நிழல் கிடையாது. செதுக்குபவர்களுக்கு அதைவிட வசதியான மாதிரி வேறென்ன?

ஆக மூலம் என்று நாம் சொல்வதில் இரண்டு படி இருக்கிறது: அமைப்பை உருவாக்கிய கலைஞர் ஒருவர், அதைக் கேமியோக்காரரின் மேசை வரை கொண்டுவந்த அச்சுப்படமோ வார்ப்போ ஒன்று. இந்த இரண்டாவதைச் சில சமயம் கேமியோவே காட்டிக்கொடுத்துவிடும்.

இடவலம் மாறியிருப்பது அப்படி ஒரு தடயம். செப்புத் தகட்டில் ஒரு படத்தைப் பார்த்தபடியே வெட்டினால், அச்சில் அது கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வரும். கவனமான கலைஞர்கள் முதலிலேயே திருப்பி வெட்டி அதைச் சரிசெய்வார்கள். எல்லாரும் அந்த மெனக்கெடலை எடுத்துக்கொள்ளவில்லை. இன்டாலியோவிலும் இதே கதைதான். கல்லில் இடப்பக்கம் பார்க்கும் முகம், அதை மெழுகில் அழுத்தினால் வலப்பக்கம் பார்க்கும். ரேனியின் ஓவியத்தில் ரதம் இடமிருந்து வலமாகப் போகிறது. கேமியோவில் அது வலமிருந்து இடமாகப் போனால், திருப்பி அச்சான ஒரு படம் நடுவில் இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

இன்னொரு தடயம், பழைய சிலைகளின் பழுதுபார்ப்பு. 1506இல் ரோமில் தோண்டி எடுக்கப்பட்ட லாவோகூன் சிலையைப் பாருங்கள். பாம்புகளோடு போராடும் தந்தையும் இரண்டு மகன்களும். கிடைத்தபோது தந்தைக்கு வலது கை இல்லை. பின்னால் வந்தவர்கள் மேல்நோக்கி நீட்டிய ஒரு கையை வைத்துச் சரிசெய்தார்கள். 1906இல் லுட்விக் பொல்லாக் என்பவர் ரோமில் ஒரு கட்டடப் பொருள் கிடங்கில் பளிங்குக் கை ஒன்றைக் கண்டுபிடித்தார். தலைக்குப் பின்னால் மடங்கிய கை அது. அதுதான் சிலையின் உண்மையான கை என்று முடிவாகி, 1957இல் தொடங்கிய சீரமைப்பில் சிலையோடு சேர்த்தார்கள். அதனால் பழைய கேமியோக்களில் லாவோகூன் கையை உயர்த்தி நீட்டிக்கொண்டு இருப்பதுதான் இயல்பு. இன்று வத்திக்கானில் நிற்கும் சிலையைப் போலவே கை மடங்கி, மற்றதெல்லாம் அச்சு அசலாக இருந்தால், விற்பவர் சொல்லும் வயதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

மூலம் தெரிந்தால் காலத்துக்கு ஒரு கீழெல்லையும் கிடைத்துவிடுகிறது. "இரவு" கேமியோ எதுவும் 1815க்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. கிண்ண விளிம்பில் நான்கு புறாக்கள் இருக்கும் காட்சி, ஹாட்ரியன் பேரரசனின் திவோலி மாளிகையில் 1737இல் கண்டெடுத்த தரைச் சித்திரத்திலிருந்து வருவது. அதை அப்படியே பிரதி செய்த நவீன கால வேலை எதுவும் அதற்குப் பிந்தியதுதான். மேலெல்லை மட்டும் இப்படிக் கிடைக்காது. ஒரு நல்ல அமைப்பை நூறு வருஷம் கழித்தும் செதுக்கிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு ஊக்கின் வகை, சட்டத்தின் வேலைப்பாடு, செதுக்கலின் தரம் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

கையெழுத்தை நம்பலாமா?

விளிம்பிலோ பின்புறத்திலோ பெயர் வெட்டியிருந்தால் சந்தோஷம்தான், ஆனால் அது பெரும்பாலும் செதுக்கியவர் பெயர். ரோமின் டொமாசோ சவுலினியும் அவர் மகன் லூயிஜி சவுலினியும் தோர்வால்ட்சன், ஜான் கிப்சன் போன்ற சிற்பிகளின் படைப்புகளைப் பார்த்து மிக நேர்த்தியான கேமியோக்கள் செய்தார்கள். அவற்றில் இருக்கும் கையெழுத்து சவுலினியுடையது, அமைப்பு இன்னொருவருடையது.

கிரேக்க எழுத்தில் பெயர் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. போலந்து இளவரசர் ஸ்டானிஸ்வாவ் போனியாடோவ்ஸ்கி தன் காலத்து ரோமானியக் கைவினைஞர்களை வைத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களைச் செதுக்க வைத்தார். ஹோமரிலும் ரோமானியக் கவி ஓவிட்டிலும் வரும் காட்சிகள்; அவற்றில் பலவற்றில் பண்டைய கலைஞர்களின் பெயர்கள். அவர் இறந்தபின் 1839இல் லண்டனில் ஏலம் விட்டபோது உண்மை பெரிய விவகாரமானது. இன்று அவற்றைப் போலி என்று யாரும் தூக்கி எறிவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நல்ல கலைவேலையாகவே மதிக்கிறார்கள்.

பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சியின் கதை இதற்கு நேர் எதிர். அவர் செதுக்கிய ஃபுளோரா தலைக் கேமியோ ஒரு வியாபாரி மூலமாக ரிச்சர்ட் பேய்ன் நைட் என்ற ஆங்கிலச் சேகரிப்பாளரிடம் பண்டைய ரோமானியப் பொருள் என்று போய்ச் சேர்ந்தது. லண்டனுக்கு வந்த பிஸ்ட்ரூச்சி அதைப் பார்த்ததும் "இது நான் செய்தது" என்றார். நைட் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேமியோ இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், பிஸ்ட்ரூச்சியின் பெயரில்தான் இருக்கிறது.

உட்கார்ந்து தேடும்போது

நல்ல புகைப்படம்தான் பாதி வேலை. வெளிச்சம் நேராக விழுந்தால் செதுக்கல் தட்டையாகத் தெரியும். ஒரு பக்கமிருந்து சாய்வாக விழட்டும். அந்தப் படத்தை வைத்து உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஓவியம் வரத் தேவையில்லை. வரையும்போதுதான் எந்தக் கால் முன்னால் இருக்கிறது, எந்தக் கை மறைந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். அப்புறம் படத்தை இடவலமாகத் திருப்பி இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இணையப் படத்தேடலில் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். பழுப்பு, வெள்ளை நிறத்தோடு போட்டால் தேடல் உங்களுக்கு இன்னும் நூறு கேமியோக்களைத்தான் காட்டும். கறுப்பு வெள்ளையாக்கி, சட்டத்தை வெட்டிவிட்டுப் போட்டால் சிற்பமும் அச்சுப்படமும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

படத்தேடல் கைகொடுக்காவிட்டால் அருங்காட்சியகங்களின் இணையப் பட்டியல்கள். கோபன்ஹேகனில் இருக்கும் தோர்வால்ட்சன் அருங்காட்சியகம் அவர் படைப்புகளையெல்லாம் படங்களோடு வைத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீஸ்லி ஆவணக் காப்பகத்தில் பழைய ரத்தினக் கற்களும் அவற்றின் வார்ப்புத் தொகுப்புகளும் போனியாடோவ்ஸ்கி கற்களும் கிடைக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அச்சுப்படப் பிரிவு பெரிய கடல். அங்கே பொதுவாக "பெண்" என்று தேடினால் மூழ்கிவிடுவீர்கள். "கழுகு, கிண்ணம்" என்று பொருள்களை வைத்துத் தேட வேண்டும்.

ஏதோ ஒன்று ஒத்துப்போவதுபோல் தெரிந்தால், ஒரே சாயல் என்பதோடு திருப்தியடையாதீர்கள். தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பில்லாத சின்ன விஷயங்கள் சிலவாவது பொருந்த வேண்டும்: விரல்களின் இடம், துணி மடிப்பு திரும்பும் இடம், செருப்பின் வார். தலை மட்டும் இருக்கும் கேமியோக்களில் கூந்தல் பின்னலின் வரிசைதான் கைகொடுக்கும், ஏனென்றால் நேர்மூக்கு முகங்கள் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தேடித் தேடியும் எதுவும் கிடைக்காத கேமியோக்களும் உண்டு. பூச்சூடிய கூந்தலோடு பக்கவாட்டில் திரும்பிய பெயரில்லாத பெண் முகம், பாலமும் குடிசையும் மரமும் நடுவில் குடத்தோடு ஒரு பெண்ணும். இந்த இரண்டாவதைச் சந்தையில் "கிணற்றடியில் ரெபெக்கா" என்று விவிலியக் கதையின் பெயரால் அழைப்பார்கள். இவற்றுக்குப் பின்னால் ஒரே ஓவியத்தைத் தேடுவது வீண். பட்டறைகளில் கைமாறிக் கைமாறி வழங்கிவந்த வகைகள் இவை.

குறிப்பு எழுதி வைக்கும்போது சொற்களில் கொஞ்சம் கறாராக இருங்கள். "தோர்வால்ட்சன் கேமியோ" என்று எழுதினால் அவரே செதுக்கியதுபோல் ஆகிவிடும். "சங்குக் கேமியோ, இரவு. தோர்வால்ட்சனின் 1815ஆம் ஆண்டுப் புடைப்புச் சிற்பத்தைப் பின்பற்றியது. இத்தாலி, 19ஆம் நூற்றாண்டு. செதுக்கியவர் பெயர் இல்லை" என்று எழுதினால் தெரிந்தது எல்லாம் அதில் வந்துவிடும். அமைப்பு பொருந்துகிறது, ஆனால் ஆந்தையைக் காணோம், ஒரு குழந்தைதான் இருக்கிறது என்றால் அதையும் அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள். அதே மாதிரி ஆந்தை இல்லாத இன்னொரு கேமியோ எங்காவது கிடைத்தால், இரண்டும் ஒரே வார்ப்பையோ ஒரே பட்டறையின் மாதிரியையோ பார்த்துச் செய்தவையா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த வரிதான் வேண்டியிருக்கும்.